டாக்டர் லீவில் போனால்...?

ஊருக்கு ஒரே ஒரு டாக்டர்.

காய்ச்சல் வந்தாலும் அவர்தான். கை முறிந்தாலும் அவர்தான். நடு ராத்திரியில் பிரசவ வலி எடுத்தால், எல்லோரும் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான்.

அந்த டாக்டருக்கே காய்ச்சல் வந்துவிட்டால்?

அவருடைய மகளுக்கு வெளியூரில் கல்யாணம் என்றால்?

"பத்து நாள் பொறு" என்று சொன்னால் நோய் கேட்குமா? கேட்காது!

பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வரவில்லை என்றால், பக்கத்து வகுப்பு வாத்தியார் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். பஸ் டிரைவர் வரவில்லை என்றால், டெப்போவில் வேறு டிரைவர் இருப்பார். டாக்டர் வரவில்லை என்றால் மட்டும் கதவைப் பூட்டிவிட்டுப் போவதா?

அப்படிப் பூட்டக்கூடாது என்பதற்காக ஏற்பட்டவர்தான் "பதில் டாக்டர்". ஒரு டாக்டர் இல்லாத நாட்களில், அவருடைய நாற்காலியில் வந்து உட்கார்ந்து வேலை பார்ப்பவர். பத்து நாளோ, இரண்டு மாதமோ இருப்பார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது ஒரு பெரிய தொழிலாகவே நடக்கிறது. அதனால் பிழைத்த உயிர்கள் உண்டு. போன உயிரும் உண்டு.

"முகம் தெரியாத டாக்டரை எப்படி நம்புவது?" என்று சிலர் பயப்படுகிறார்கள். "யாரோ ஒரு டாக்டர் இருந்தால் சரி" என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டு பேர் நினைப்பதும் தவறு. வந்த டாக்டர் கெட்டிக்காரரா என்று மட்டும் கேட்டால் போதாது. அவரை வரவழைத்த ஆஸ்பத்திரி அவருக்கு என்ன சொல்லிக் கொடுத்தது என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் மிகவும் குறைவு.

பாதிரியாரிடம் இருந்து வந்த பெயர்

பதில் டாக்டரை, டாக்டர்கள் தங்களுக்குள் "லோகம்" என்று சொல்வார்கள். "லோகம் டெனென்ஸ்" என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம் அது. "இடத்தைக் காத்துக்கொண்டு இருப்பவர்" என்று அர்த்தம்.

முதலில் இது டாக்டருக்கு ஏற்பட்ட பெயர் அல்ல. பழைய காலத்து ஐரோப்பாவில், பாதிரியார் இல்லாத மாதா கோவிலுக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்ட பாதிரியாருக்கு வழங்கிய பெயர். பிறகுதான் டாக்டருக்கு வந்தது. ராணுவத்தில் "லெப்டினென்ட்" என்று ஒரு பதவி இருக்கிறதே, அதுவும் இதே அர்த்தம் உள்ள சொல்தான். அது பிரெஞ்சு வழியாக வந்தது.

உலகப் புகழ் பெற்ற ரஷிய எழுத்தாளர் செகாவ்கூட ஒரு பதில் டாக்டராக இருந்தவர்! அவர் படித்தது டாக்டர் படிப்பு. படிப்பை முடித்தது 1884-ம் ஆண்டு. அந்தக் கோடையில் ஸ்வெனிகோரோத் என்ற சிறு நகரத்து டாக்டர் லீவில் போனார். 24 வயது செகாவ், இரண்டு வாரம் அவருடைய இடத்தில் இருந்து நோயாளிகளைப் பார்த்தார்.

அந்தக் காலத்தில் எல்லாம் இப்படித்தான் நடந்தது. ஒரு டாக்டர் தனக்குத் தெரிந்த இன்னொரு டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போவார். தெரிந்தவர் யாரும் இல்லை என்றால் லீவும் இல்லை.

மலைக்கு நடுவே ஒரு டாக்டர்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் யூட்டா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. பரப்பிலே தமிழ்நாட்டைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் பெரியது. ஆனால் 1970-ம் ஆண்டில் அங்கே வசித்தவர்கள் சுமார் 10½ லட்சம் பேர்தான்! மலையும் பாலைவனமுமாகக் கிடக்கிற பூமி. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே பல மைல் தூரம் ஒரு வீடுகூட இருக்காது.

இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போக டாக்டர்கள் தயங்கினார்கள். போனவர்களும் நிலைக்கவில்லை. சம்பளம் மட்டும் காரணம் அல்ல. ஓய்வே இல்லை! ஊரில் ஒரே டாக்டர் என்றால், பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை என்பதுபோல, அவருக்குக் கிறிஸ்துமசும் கிடையாது. புதிய வைத்திய முறைகளைக் கற்றுக்கொள்ளப் பட்டணம் போவதற்கும் வழி இல்லை. சில வருஷம் பார்ப்பார். பிறகு "போதும்" என்று குடும்பத்தோடு நகரத்துக்குப் போய்விடுவார். அன்று முதல் அந்த ஊருக்கு டாக்டரே இல்லை.

இதற்கு என்ன வழி என்று யோசித்தார்கள். யூட்டா பல்கலைக்கழகம் ஒரு திட்டம் போட்டது. ராபர்ட் வுட் ஜான்சன் அறநிலையம் பணம் கொடுத்தது. 1970-களில் நடந்த காரியம் இது. கிராமத்து டாக்டர் லீவு எடுக்கும்போது, அவருக்குப் பதிலாக ஒரு டாக்டரை அனுப்புவதுதான் திட்டம்.

அதன் பலன், லீவில் போன டாக்டர் திரும்பி வந்தார்! ஓய்வு கிடைத்தது. தெம்பு வந்தது. ஊரை விட்டு ஓட வேண்டும் என்ற எண்ணம் குறைந்தது. பதில் டாக்டர் பார்த்தது சில நாள் வைத்தியம். அதனால் ஊருக்கு மிச்சமானது, நிரந்தர டாக்டர்.

இந்த வேலையில் ஈடுபட்ட இளம் டாக்டர்கள் இரண்டு பேர், ஆலன் கிரோன்ஹாஸ், தீரஸ் கோல்ப் என்பவர்கள், 1979-ம் ஆண்டில் இதையே ஒரு கம்பெனியாகத் தொடங்கினார்கள். கம்பெனியின் பெயர் "கம்ப்ஹெல்த்". தீரஸ் கோல்ப் யார் தெரியுமா? இரண்டாவது உலகப் போரின்போது, செயற்கைச் சிறுநீரக எந்திரத்தைக் கண்டுபிடித்தாரே டாக்டர் வில்லெம் கோல்ப், அவருடைய மகன்! தந்தை செய்த எந்திரம் உலகம் முழுவதும் தெரியும். மகன் தொடங்கிய தொழிலைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு.

அந்த ஒரு கம்பெனிக்குப் பிறகு எத்தனையோ கம்பெனிகள் வந்துவிட்டன. இப்போது கிராமத்துக்கு மட்டும் அல்ல, பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளுக்கும் பதில் டாக்டர்கள் போகிறார்கள்.

எப்படி நடக்கிறது?

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பிரசவ லீவில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரிக்காரர்கள் கம்பெனிக்குச் சொல்வார்கள். கம்பெனியிடம் டாக்டர்களின் ஜாபிதா இருக்கும். பட்டம் உண்மையா, லைசென்ஸ் இருக்கிறதா, முன்பு ஏதாவது வழக்கில் சிக்கியவரா என்று பார்த்து ஒருவரை அனுப்பும். போகவரச் செலவு, தங்கும் இடம், வைத்தியத்தில் தவறு நேர்ந்து வழக்கு வந்தால் அதற்கான இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஆஸ்பத்திரி கம்பெனிக்குப் பணம் கொடுக்கும். கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டு, டாக்டருக்கு மீதியைக் கொடுக்கும்.

இதில் ஒரு சிக்கல். அமெரிக்காவில் ஒரு மாகாணத்தில் கொடுத்த டாக்டர் லைசென்ஸ், அடுத்த மாகாணத்தில் செல்லாது. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் டாக்டர். அந்தப் பக்கம் போனால் டாக்டர் அல்ல! பல மாகாணங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, லைசென்ஸ் கொடுப்பதைச் சுலபமாக்கின. அந்த வழியில் லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்தது 2017-ம் ஆண்டில்தான்.

பதில் டாக்டராகப் போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள்? வேலை கிடைக்காதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஓய்வு பெற்ற பிறகும் வருஷத்தில் சில மாதம் வேலை பார்க்க விரும்பும் பெரியவர்கள் உண்டு. எந்த ஊரில் நிரந்தரமாகத் தங்கலாம் என்று சுற்றிப் பார்க்கும் இளைஞர்கள் உண்டு. சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு முழுநேர வேலைக்குப் போக முடியாத தாய்மார்களும் உண்டு.

18 லட்சம் பேரின் கணக்கு

சரி, பதில் டாக்டர் பார்த்தால் நோயாளி பிழைப்பாரா? இதற்கு ஊகத்தில் பதில் சொல்ல வேண்டியது இல்லை. கணக்கே எடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு "மெடிக்கேர்" என்று அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ் இருக்கிறது. ஒரு டாக்டர் லீவில் போனால், பதில் டாக்டர் செய்த வேலைக்கு லீவில் போனவர் பெயரிலேயே பில் அனுப்பலாம். ஆனால் தொடர்ச்சியாக 60 நாளுக்கு மேல் கூடாது. அப்படி அனுப்பும் பில்லில் "கியூ 6" என்று ஒரு குறி போட வேண்டும். (லத்தீன் பெயர் குழப்பம் தருகிறது என்றோ என்னவோ, 2017-ல் மெடிக்கேர் விதிகளில் இருந்து "லோகம் டெனென்ஸ்" என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். குறி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.)

அந்தச் சின்னக் குறிதான் ஆராய்ச்சிக்கு உதவியது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், 2009-ம் ஆண்டு முதல் 2014-ம் ஆண்டு வரையில் உள்ள பில்களை எடுத்தார்கள். எது நிரந்தர டாக்டர் பார்த்த கேஸ், எது பதில் டாக்டர் பார்த்த கேஸ் என்று பிரித்தார்கள். மொத்தம் 18 லட்சத்துக்கு மேற்பட்ட கேஸ்கள். முடிவு 2017 டிசம்பரில் வெளிவந்தது.

நிரந்தர டாக்டர்கள் பார்த்த நோயாளிகளில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் 100-க்கு 8.70 பேர். பதில் டாக்டர்கள் பார்த்தவர்களில் 8.83 பேர். கணக்குப்படி இது ஒரு வித்தியாசமே அல்ல.

ஆக, பதில் டாக்டர் என்ற ஒரே காரணத்துக்காகப் பயப்பட வேண்டியது இல்லை. 2019-ம் ஆண்டில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பழைய ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்தார்கள். பதில் டாக்டர்கள் மற்றவர்களைவிட மோசம் என்று சொல்ல ஆதாரம் மிகக் குறைவு என்றே அவர்களும் சொன்னார்கள்.

செலவில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது. பதில் டாக்டர் பார்த்தால், ஒரு நோயாளிக்கு டாக்டர் செலவு 1,712 டாலருக்குப் பதில் 1,836 டாலர் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாளும் கூடியது: 5.21 நாள் என்பது 5.64 நாள் ஆயிற்று. ஆனால் வீட்டுக்குப் போன பிறகு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தவர்கள், பதில் டாக்டர் பார்த்தவர்களில் 100-க்கு ஒருவர் குறைவு!

புது இடம், புது நோயாளி. கொஞ்சம் பயந்துதான் வேலை செய்வார். "இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போங்கள்" என்று சொல்வார். அதில் கொஞ்சம் பணம் கூடுதலாகப் போகும். ஆனால் அந்தப் பயம் கெட்ட பயம் அல்ல.

இதோடு கணக்கு முடிந்திருந்தால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். முடியவில்லை. அதே ஆராய்ச்சியில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பதில் டாக்டர்களை அடிக்கடி அழைத்துப் பழகிய ஆஸ்பத்திரிகளில் வித்தியாசம் இல்லை. எப்போதாவது ஒருமுறை அழைக்கும் ஆஸ்பத்திரிகளில், பதில் டாக்டர் பார்த்தவர்களில் இறந்தவர்கள் அதிகம்!

டாக்டர்கள் அதே மாதிரி டாக்டர்கள்தான். ஆஸ்பத்திரிதான் வேறு.

உப்பு எங்கே? சர்க்கரை எங்கே?

இதைப் புரிந்துகொள்ள டாக்டர் படிப்பு வேண்டாம். எந்த வீட்டு அம்மாளைக் கேட்டாலும் சொல்வார்.

நன்றாகச் சமைக்கத் தெரிந்த பெண். புகுந்த வீட்டில் முதல் நாள் அடுப்படிக்குள் போகிறாள். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது? சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது? மாமனாருக்குக் காரம் ஆகுமா, ஆகாதா? மாமியார் பக்கத்தில் நின்று, "இது உப்பு, இது சர்க்கரை. அவருக்குக் காரம் குறைத்துப் போடு அம்மா" என்று சொன்னால், அன்றைய சாப்பாடு அமிர்தம். ஒருவரும் சொல்லாமல் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, "ஏன் பாயசம் கரிக்கிறது?" என்று கேட்டால்?

பதில் டாக்டரின் நிலையும் அதுதான். வைத்தியம் தெரியும். ஆஸ்பத்திரி தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு எக்ஸ்ரே எடுக்க ஆள் உண்டா? ரத்தம் வேண்டும் என்றால் யாருக்குப் போன் செய்வது? நோயாளியின் பழைய விவரம் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைத் திறக்கும் ரகசியச் சொல்லை யார் தருவார்கள்? கை மீறிப் போனால், எந்தப் பெரிய டாக்டரைத் தூக்கத்தில் இருந்து எழுப்பலாம்? நிரந்தர டாக்டருக்கு இதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். புதியவர் ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குள் உயிர் காத்துக்கொண்டு இருக்குமா?

அடிக்கடி பதில் டாக்டர்களை அழைக்கும் ஆஸ்பத்திரியில், வந்த உடனே சொல்லிக் கொடுப்பதற்கு ஆள் இருக்கும். சிப்பந்திகளுக்கும் பழக்கம் இருக்கும். எப்போதாவது அழைக்கும் இடத்தில், "டாக்டர்தானே, அவருக்குத் தெரியாதா?" என்று விட்டுவிடுவார்கள். உயிர் நழுவுவது அந்த இடத்தில்தான்.

ஒரு சனிக்கிழமை

சொல்லிக் கொடுக்காமல், சோதித்துப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

இங்கிலாந்தில் வைத்தியம் அரசாங்கச் செலவு. ஒவ்வொரு குடும்பமும் தன் பேட்டையில் உள்ள டாக்டரிடம் பதிவு செய்துகொள்ளும். முன்பெல்லாம் இரவிலும், சனி, ஞாயிறுகளிலும்கூட அந்த டாக்டர்களே பொறுப்பு. 2004-ம் ஆண்டில் புது ஒப்பந்தம் வந்தது. "இரவு வேலை வேண்டாம்" என்று ஒதுங்கிக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடைத்தது. பெரும்பாலோர் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த நேரங்களுக்கு டாக்டர்களைக் கொடுக்கும் பொறுப்பு கம்பெனிகளிடம் போயிற்று. உள்ளூரில் போதிய டாக்டர்கள் கிடைக்காதபோது, கம்பெனிகள் வெளிநாட்டில் இருந்து விமானத்தில் ஆள் வரவழைத்தன.

2008-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி. சனிக்கிழமை. கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதியில் மனியா என்ற கிராமம். 70 வயது முதியவர் ஒருவர் சிறுநீரகக் கல் வலியால் துடித்தார். வீட்டுக்கு ஒரு பதில் டாக்டர் வந்தார். அவர் ஜெர்மனியில் இருந்து அதற்கு முன் தினம்தான் வந்து இறங்கியவர். போதிய தூக்கம் இல்லை. இங்கிலாந்தில் அதுதான் அவருக்கு முதல் முறை வேலை.

வலிக்கு ஊசி போட்டார். "டயமார்பின்" என்ற கடுமையான மருந்து. 10 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாத இடத்தில், அவர் போட்டது 100 மில்லிகிராம். பத்து மடங்கு!

முதியவர் இறந்துபோனார்.

இரண்டு மருந்துகளுக்கு இடையே குழம்பிவிட்டதாகவும், ஜெர்மனியில் தன்னைப் போன்றவர்கள் அந்த மருந்தைப் பயன்படுத்துவது இல்லை என்றும், பிறகு அந்த டாக்டர் இறந்தவரின் குடும்பத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். 2009-ல் ஜெர்மன் கோர்ட்டு அவருக்கு ஒன்பது மாதத் தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தது. 5,000 யூரோ அபராதமும் போட்டது. 2010 பிப்ரவரியில் இங்கிலாந்தில் மரண விசாரணை முடிந்தது. "இது சட்ட விரோதமான மரணம்" என்று விசாரணை அதிகாரி தீர்ப்பு சொன்னார். அதே வருஷம் ஜூனில், இங்கிலாந்து மருத்துவக் கவுன்சில் அவர் பெயரை டாக்டர்கள் பட்டியலில் இருந்து அடித்துவிட்டது.

டாக்டர் செய்தது குற்றம்தான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால், அவர் அந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்கு முன் எத்தனை வாசல்களைத் தாண்டி வந்தார் என்று பாருங்கள்.

அவர் முதலில் இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயர் பகுதியில் மனுப்போட்டார். ஆங்கிலம் போதாது என்று அங்கே சேர்க்கவில்லை. பிறகு தென்மேற்கே கார்ன்வாலில் மனுப்போட்டார். அங்கே சேர்த்துக்கொண்டார்கள்! ஏதாவது ஒரு பகுதியின் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் போதும், இங்கிலாந்து முழுவதும் வேலை பார்க்கலாம் என்பது அன்றைய விதி. ஒரு வாசலில் "கூடாது" என்று சொன்னது, அடுத்த வாசலுக்குத் தெரியவில்லை.

இதில் தமிழர்களுக்கு வியப்பாக இருக்கக்கூடிய ஒரு விஷயமும் உண்டு. இங்கிலாந்தின் அரசாங்க வைத்தியத் துறையில் இந்திய டாக்டர்கள் ஏராளம். தமிழர்களும் இருக்கிறார்கள். சென்னையில் இருந்து போகிற டாக்டர், வைத்தியத்திலும் ஆங்கிலத்திலும் பரீட்சை எழுதித் தேற வேண்டும். 1970-களில் இருந்தே இந்தப் பரீட்சை உண்டு. ஆனால் ஜெர்மனியில் இருந்தோ வேறு ஐரோப்பியக் கூட்டு நாட்டில் இருந்தோ வந்த டாக்டருக்கு அப்போது அந்தப் பரீட்சை கிடையாது! ஐரோப்பியச் சட்டம் தடுத்தது. பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், பேச்சைக் கேட்கவில்லை.

பிறகு விதி மாறியது. 2013-ம் ஆண்டில் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே பட்டியல் வந்தது. 2014-ம் ஆண்டில், ஐரோப்பிய டாக்டர்களின் ஆங்கிலத்தையும் சோதிக்க மருத்துவக் கவுன்சிலுக்கு அதிகாரம் கிடைத்தது. அந்த முதியவர் இறந்து ஆறு வருஷம் கழித்து!

பதில் ஆளே நிரந்தரமானால்?

இன்னொரு பக்கமும் உண்டு. லீவுக்கு வந்தவரை, காலியான இடத்துக்கே வைத்துக்கொள்வது.

நிரந்தர டாக்டர் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். புது ஆள் தேடச் சோம்பல். அல்லது சம்பளம் பேசி முடியவில்லை. "இந்த மாதம் பதில் டாக்டரை வைத்துச் சமாளிப்போம்" என்கிறார்கள். அடுத்த மாதமும் அதே பேச்சு. வருஷம் ஓடிவிடுகிறது. வீடு கட்டப் பணம் இல்லை என்று வாடகை கொடுத்தே வீட்டு விலையைக் கொடுத்துத் தீர்ப்பவர்கள் உண்டு அல்லவா? அதுபோலத்தான்.

இங்கிலாந்தில் 2014-15-ம் ஆண்டில், கம்பெனிகள் மூலம் வந்த டாக்டர்கள், நர்சுகள் முதலான தற்காலிக ஊழியர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகள் செலவழித்தது 330 கோடி பவுண்டு! அரசாங்கம் திடுக்கிட்டது. 2015 நவம்பரில், ஒரு மணி நேர வேலைக்கு இவ்வளவுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று உச்சவரம்பு போட்டது.

பணம் போனால் போகட்டும் என்றாலும், நோயாளி படும் பாடு ஒன்று இருக்கிறது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வருஷக் கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டும். மாதம் ஒரு புது டாக்டர் என்றால், மாதம் ஒரு முறை முதலில் இருந்து கதை சொல்ல வேண்டும். எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்ல மறந்தால் வம்பு. 2018-ம் ஆண்டில் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரைச் சேர்ந்த டாக்டர்கள், பல நாடுகளில் நடந்த 22 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஒரே டாக்டரிடம் தொடர்ந்து பார்ப்பவர்களிடையே மரணம் குறைவு என்று அவற்றில் 18 ஆய்வுகள் சொல்லின. "நம்ம டாக்டர்" என்று ஜனங்கள் சொல்வது வெறும் பாசம் அல்ல.

ஆகவே, லீவுக்கும், நோய்க்கும், பிரசவத்துக்கும், திடீர் என்று வந்த நெருக்கடிக்கும் பதில் டாக்டர் வரட்டும். சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்கலாம். நிரந்தர டாக்டரை நியமிக்காமல் இருப்பதற்கு ஒரு சாக்காக அவரை வைத்துக்கொள்வது, ஊரை ஏமாற்றுவது ஆகும். யூட்டாவில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியவர்கள், ஊர் டாக்டரை ஊரிலேயே இருக்க வைப்பதற்காகத் தொடங்கினார்கள். அவருக்குப் பதிலாக வேறு ஒருவரை என்றைக்கும் உட்கார வைக்க அல்ல.

யார் சொல்லிக் கொடுப்பது?

2018-ம் ஆண்டில், இங்கிலாந்து அரசாங்க வைத்தியத் துறை, பதில் டாக்டர்களை அழைக்கும் ஆஸ்பத்திரிகளுக்காக ஒரு கைப்புத்தகம் வெளியிட்டது. அதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வந்த டாக்டருக்கு முதலில் இடத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஆள் பெயரைச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து போகும்போது, அவர் எப்படி வேலை பார்த்தார் என்று எழுதி, அவருக்கும் அனுப்பியவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். இப்படிப்பட்ட யோசனைகள்தான்.

கடைசி யோசனை முக்கியமானது. பல பதில் டாக்டர்களுக்கு, தாங்கள் செய்தது சரியா தவறா என்றே தெரிவது இல்லை. நோயாளி பிழைத்தாரா என்பதுகூடத் தெரியாது. அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள். செய்த தவறு தெரியாதவர், அடுத்த ஊரிலும் அதையே செய்வார். நன்றாக வேலை பார்த்தவருக்கோ, "நன்றாகச் செய்தீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை.

இதற்கெல்லாம் ஆகும் செலவு எவ்வளவு? முதல் நாளில் அரை நாள். அந்த அரை நாளில் பதில் டாக்டர் நோயாளியைப் பார்க்காமல், இடத்தைப் பார்ப்பார், மருந்து அலமாரியைப் பார்ப்பார், நர்சுகளோடு பேசுவார்.

ஆனால் மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசி வந்திருக்கும் டாக்டர் அவர். அந்த அரை நாளுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். ஆஸ்பத்திரிக் கணக்குப்பிள்ளை பேனாவை எடுக்கிறார். "நோயாளியைப் பார்க்காத நேரத்துக்குப் பணமா?" என்று கேட்கிறார்.

மனியா கிராமத்து முதியவரின் பிள்ளைகள் அதற்குப் பதில் சொல்லக்கூடும்.